அண்ணே, லேத்த வித்துட்டேன்

அண்ணே,

இரும்பு கடையிற நம்ம லேத்துக்குக் கப்பலூர்ல ஒருத்தரு அட்வான்ஸ் குடுத்துட்டாரு, வர்ற வாரம் வண்டி கொண்டாந்து ஏத்திட்டுப் போயிருவாரு. போன் போட்டா நீ எடுக்க மாட்ட, அதான் இங்க எழுதுறேன். நாலு பேரு படிப்பாங்க, அதனால ஒங்கிட்ட அந்தத் துப்பாக்கி வேலையக் குடுத்த ஆளு பேரையோ ஊரையோ சொல்லப் போறதில்ல.

கடன் கதையெல்லாம் விடு. அந்த ராத்திரிதான் எனக்கு மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. ஆர்டர் எதுவும் இல்லையே, இந்நேரத்துல ஷெட்டுல என்ன சத்தம்னு வந்து பாக்குறேன், நீ லேத்துல துண்டப் பிடிக்கிற சக்குல சின்னதா ஒரு இரும்பு பின் மாட்டி கடைஞ்சுட்டு இருக்க. மோட்டார் பம்புக்குன்னு நெனச்சேன். நிப்பாட்டி, நகத்த அது மேல ஓட்டிப் பாத்து, பிசிறு இல்லேன்னதும் ஒனக்குள்ளயே சிரிச்ச பாரு, அப்படியே அப்பா. பெஞ்சுல விரிச்ச துணியில மத்த துண்டெல்லாம் கெடந்துச்சு, அதுல குதிரையப் பாத்ததுக்கு அப்புறந்தான் துப்பாக்கின்னே எனக்கு வெளங்குச்சு.

"பன்னி கடலைக்காட்டப் பூரா நோண்டிருதாம் பாப்பா, ஒரு துண்டுதானே"ன்ன.

ஒரு துண்டுதானேவா? 1959 ஆயுதச் சட்டத்துல ஆயுதம்னாலே அதோட பாகமும் சேத்திதான், அதச் செய்யிற மிஷினும் சேத்திதான். லைசென்ஸ் இல்லாம ரிப்பேர் பாத்தாலே குத்தம். 2019-ல திருத்துனதுக்கு அப்புறம் செஞ்சவனுக்குக் கொறஞ்சது 7 வருசம், ஆயுள் வரைக்கும் போகும். அந்தாளு சுடுறது பன்னியவா பங்காளியவான்னு நீ கூட நின்னு பாப்பியா? இல்ல வெடிக்கிறப்ப பின்னால அடிச்சு அவன் கண்ணு போச்சுன்னா யாரு வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க?

அந்தத் துண்டு அத்தனையையும் ஷெட்டுல சாணை பிடிக்கிற கிரைண்டர்ல வச்சு ஒண்ணுத்துக்கும் ஆகாம நான் தேச்சப்ப நீ கை ஓங்குன, அடிக்கல. அண்ணி முன்னாடி ஒன்னைய அப்படிப் பேசுனதுக்கு மன்னிச்சுருண்ணே. தேச்சதுக்குக் கேக்க மாட்டேன், நாளைக்கும் தேய்ப்பேன். அவன்கிட்ட நீ வாங்குன காச என் வளையல வச்சுத்தான் திருப்பிக் குடுத்தேன், அது ஒனக்குத் தெரியாது, தெரியாமலே ஊரெல்லாம் 'தங்கச்சி காட்டிக் குடுக்கப் பாத்தா'ன்னு சொல்லிட்டுத் திரியிற. ஸ்டேசன் பக்கமே நான் போகல. போயிருந்தா நீ இன்னைக்கு கம்பெனில ஷிப்ட் பாத்துட்டு இருப்பியா?

அங்க கம்ப்யூட்டரே ஓட்டுற சிஎன்சி மிஷின் முன்னாடி பட்டன் அமுக்குற வேலைன்னு அண்ணி சொல்லுச்சு. அன்னைக்கு ராத்திரி பூரா தூக்கம் வரல எனக்கு. செல்லூர்லருந்து புதூர் வரைக்கும் எவனுக்கும் சரியா உக்காராத, தண்டு சுத்துற புஷ்ஷெல்லாம் ஒங்கிட்டதான வரும்.

ஆனா ஓடாத லேத்துக்கு எத்தன நாளு நான் எண்ணெய் போடுறது, துரு ஏறுது, பேங்குக்காரன் வேற போன் போடுறான். வர்றேன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா வித்துருக்க மாட்டேன்.

அப்பாவோட மைக்ரோமீட்டரும் டூல் பெட்டியும் விக்கல. ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்க, அயிர மீன் கொழம்பு வைக்கிறேன். அந்தாள மட்டும் வண்டில ஏத்திட்டு வந்துறாத, வாசல்லயே நிப்பாட்டிருவேன்.

பாப்பா