செம்புக் குடம் எதைக் கொல்லும், எதைக் கொல்லாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த உடல்நலக் குறிப்பு, இரவு செம்புக் குடத்தில் ஊற்றி வைத்த தண்ணீரைக் காலையில் காய்ச்சாமலே குடிக்கலாம் என்கிறது. எங்கள் பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கத்து வீடுகளில் ஏற்கெனவே பரவி வரும் பேச்சு இது. பாதி சரி. மறு பாதியை நம்பி அடுப்பை அணைத்தால் ஆபத்து.

சரியான பாதியை முதலில் சொல்லிவிடுகிறோம். மிகச் சிறிதளவு செம்பு கரைந்த தண்ணீரில்கூட ஸ்பைரோகைரா பாசி செத்துப்போவதை சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் நேகெலி கண்டார். அவர் மறைந்தபின் 1893ல் அது அச்சில் வந்தது. பெங்களூரு ஆய்வாளர்கள் 2012ல் வெளியிட்ட சோதனையில், காலரா, சீதபேதி, டைபாய்டு வகைக் கிருமிகளும் ஈ.கோலையும் கலந்த தண்ணீரைச் செம்புப் பானையில் 16 மணி நேரம் வைத்தபோது அவை வளர்ப்புத் தட்டில் முளைக்கவில்லை. தண்ணீரில் இறங்கிய செம்பு லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்கும் குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 2 மில்லிகிராம்.

ஆனால் செம்பு கரைந்தால்தான் கொல்லும். உலோகத்திலிருந்து பிரிந்து வரும் செம்பு அயனி கிருமியின் மேலுறையைச் சிதைக்கிறது. உள்ளே போய், நொதிகளில் இரும்பு இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கரைவது குறைந்தால் கிருமி பிழைத்துக்கொள்ளும். கூடினால் குடிப்பவருக்குக் கேடு.

எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீர் கடினமானது. ஒரு மாதம் தேய்க்காத குடத்துக்குள் விரலை விட்டுப் பாருங்கள்: அடியிலும் கழுத்து வளைவிலும் வெள்ளையாக, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும் படிவு. சுண்ணாம்புதான். அதற்கு அடியிலுள்ள செம்பைத் தண்ணீர் தொடுவதே இல்லை. புளியும் கல்லுப்பும் சேர்த்து வாரம் இருமுறையாவது உட்புறத்தைத் தேய்த்து, புளிப்பு வாடை போகும்வரை அலசி, கவிழ்த்துக் காயவிட வேண்டும். பச்சைக் களிம்பு கண்டால் அன்றே தேய்க்க வேண்டும். ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்தம் செம்பின் களிம்பை உவமை சொன்னது சும்மா இல்லை. அது உலோகத்தோடேயே பிறந்து, தேய்க்கத் தேய்க்கத் திரும்பி வரும்.

குடத்தின் அளவும் கணக்கில் சேரும். ஒரே வடிவத்தில் குறுக்களவு இரு மடங்கானால், ஒரு லிட்டர் தண்ணீருக்குக் கிடைக்கும் செம்புப் பரப்பு பாதியாகிவிடும். பெரிய தவலையைவிட இரண்டு லிட்டர் செம்புக் குடம் நல்லது. உட்புறம் ஈயம் பூசிய பாத்திரத்தில் இந்தப் பலனே இல்லை. பூச்சு செம்பை மறைக்கிறது. புளிக்கும் ரசத்துக்கு அதுதான் தேவை, கிருமி கொல்ல அது உதவாது. பூசுவதும் வெள்ளீயமாக இருக்க வேண்டும். காரீயம் கலந்திருந்தால் பூசாமலிருப்பதே மேல். கடைப் பாட்டில்களில் செம்பு நிறம் வெளியே மட்டும் பூசிய எஃகுப் பாட்டில்களும் உண்டு. மூடியைத் திறந்து உள்ளே பார்த்து வாங்குங்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் அடுப்பை அணைக்க முடியாது. மேலே சொன்ன சோதனை பாக்டீரியாவைப் பற்றியது. கேரளத்தில் அடிக்கடி தலைகாட்டும் மஞ்சள் காமாலை, ஹெபடைடிஸ் ஏ வைரஸால் வருவது. அதற்கும், கெட்டியான உறைக்குள் இருக்கும் அமீபாவுக்கும் குடத்தை நம்பக் கூடாது. தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். பதிமுகம் என்ற மரச்சீவல் போட்டுக் காய்ச்சிய வெந்நீரைச் சூடாற்றப் பச்சைத் தண்ணீர் கலப்பது காய்ச்சியதையே வீணாக்கும். காய்ச்சி ஆறவைத்ததைச் செம்பில் ஊற்றி வைப்பதுதான் முறை. எங்கள் சித்தூர் தாலுகாவின் சில இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு உண்டு. செம்பு அதை எடுக்காது, கொதிக்க வைத்தாலும் போகாது.

மலக் கிருமி கலந்த தண்ணீரை ஊற்றினால் கறுக்கும் எச்.டூ.எஸ். குப்பியில் சோதிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. செம்புக் குடத்துத் தண்ணீரை அப்படியே ஊற்றினால் குப்பி கறுக்காமல் போகலாம். தண்ணீர் சுத்தம் என்று அதற்குப் பொருளில்லை. கரைந்திருக்கும் செம்பு, குப்பிக்குள்ளும் கிருமியை வளரவிடாமல் தடுக்கும். அதனால்தான் செம்பு கலந்த மாதிரிகளுக்கு ஆய்வுக்கூடத்தில் ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள் சேர்த்துச் செம்பைக் கட்டிவிட்டுச் சோதிக்கிறார்கள்.

வெள்ளிக்கும் இதே கணக்குத்தான்: அயனியாகக் கரைந்தால்தான் கிருமியைக் கொல்லும். தீப்புண்ணுக்குப் போடும் சில்வர் சல்ஃபாடயசின் 1 சதவீதக் களிம்பு 1960களின் இறுதியில் வந்தது. முதலில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும். களிம்பெல்லாம் அதற்குப் பிறகு, மருத்துவர் சொன்னால். பழைய களிம்பைக் கழுவி எடுத்த பிறகே புதிதாக, ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் தடவ வேண்டும். மேலே படியும் மஞ்சள் ஏடு பெரும்பாலும் சீழ் அல்ல, களிம்பும் புண்ணீரும் சேர்ந்தது. ஆனால் அது புண்ணின் ஆழத்தை மறைத்துவிடும். மேலோட்டமான புண்ணில் இந்தக் களிம்பு ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கும், இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கும், நிறைமாதக் கர்ப்பிணிக்கும் கூடாது. நுண்படிக வெள்ளித் துணிக்கட்டை உப்புநீரில் நனைப்பது வழக்கமான தவறு. குளோரைடு வெள்ளியைப் பிடித்துக் கரையாத சில்வர் குளோரைடாக்கிவிடும்; கிருமிநீக்கிய வெறும் தண்ணீரில்தான் நனைக்க வேண்டும். 'வெள்ளி டானிக்' என்ற பெயரில் குடிக்கக் கொடுக்கும் கூழ்ம வெள்ளியால் தோல் நீலச் சாம்பலாக மாறினால் திரும்பாது. கிருமிகளும் சும்மா இருப்பதில்லை. 1975லேயே பாஸ்டன் நகரத் தீக்காயப் பிரிவில் சில்வர் நைட்ரேட்டுக்கு அடங்காத சால்மோனெல்லா வந்துவிட்டது.

மருத்துவமனைக் கைப்பிடிகளுக்குச் செம்புக் கலவை வேண்டும் என்ற கோரிக்கையை நாங்கள் ஆதரிக்கிறோம். உலர்ந்த செம்பில், பல மருந்துகளுக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமி ஒன்றரை மணி நேரத்தில் சாகிறது. எஃகில் மூன்று நாளுக்குப் பிறகும் உயிரோடிருந்தது. 2008ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை செம்புக் கலவைகளைக் கிருமிநாசினிப் பரப்பாகப் பதிவு செய்தது. ஆனால் பளபளப்புக்கு வார்னிஷோ மெழுகோ பூசிவிட்டால் செலவழித்த பணம் வீண். தினமும் துடைக்கும் வேலையும் நிற்கக் கூடாது.

கடைசியாக, அந்தக் குறிப்பில் விடுபட்ட மிக முக்கியமான விஷயம். மோர், எலுமிச்சைச் சாறு, புளித்த எதுவும் செம்பிலோ ஈயம் பூசாத பித்தளையிலோ வைக்கக் கூடாது. அமிலம் செம்பை அதிகமாகக் கரைத்து வாந்தியும் வயிற்றுப் பிடிப்பும் வரும். உடலில் செம்பு தேங்கிவிடும் வில்சன் நோய் உள்ளவர்கள் செம்புப் பாத்திரத்தையே தவிர்க்க வேண்டும். கைக்குழந்தைக்குப் பாலை இவற்றில் காய்ச்சவோ வைக்கவோ கூடவே கூடாது. பாலிலுள்ள புரதம் செம்பைப் பிடித்துக்கொள்ளும். இந்தியக் குழந்தைகளின் உயிரைப் பறித்த ஒருவகைக் கல்லீரல் சுருக்க நோய்க்கும் இந்தப் பழக்கத்துக்கும் உள்ள தொடர்பை 1980களில் புனே மருத்துவர்கள் சுட்டிக்காட்டினார்கள். பால் பற்றிய இந்த எச்சரிக்கையை மட்டுமாவது, குறிப்பு வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
குடிநீர்ப் பரிசோதனையில் பணியாற்றும் நுண்ணுயிரியலாளர்கள்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.