கை கழுவுமிடத் திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

கோத்தகிரியில் உள்ள நம் மாரியம்மன் கோயிலில், அன்னதானக் கூடத்தை ஒட்டிய கை கழுவுமிட வேலை முடிந்துவிட்டது. பங்குனியிலிருந்து அது புழக்கத்தில் இருக்கிறது. கையை நீட்டினால் தானே திறந்து, எடுத்தால் தானே நிற்கும் சென்சார் குழாய்கள் எட்டு பொருத்தியிருக்கிறோம். வரவு செலவுக் கணக்கும் பில் நகல்களும் அலுவலக வாசல் பலகையில் ஒட்டியுள்ளன. அதைப் பார்த்துவிட்டுப் பலரும் கேட்டது ஒன்றுதான்: குழாய்க்கு ஆன செலவைவிடத் தொட்டிக்கும் பைப்புக்கும் ஏன் அதிகம் ஆயிற்று? நியாயமான கேள்வி.

குழாயின் முகப்பில் கருப்பாக ஒரு சின்னக் கண் இருக்கிறதல்லவா, அதிலிருந்து நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி விட்டு விட்டு வந்துகொண்டே இருக்கும். கை குறுக்கே வந்தால் ஒளி அதில் பட்டுத் திரும்பும். பக்கத்திலேயே இருக்கும் உணர்வான் அதைப் பிடித்து, உள்ளே இருக்கும் வால்வைத் திறக்கச் சொல்லும். அதுவரை எல்லாம் மின்சார வேலை. ஆனால் அந்த வால்வில் மின்சாரம் செய்வது ஒரு சிறு துளையைத் திறந்து மூடுவது மட்டும்தான். பெரிய வழியை அடைப்பது ஒரு ரப்பர் சவ்வு. அதை அழுத்தி மூடுவது தண்ணீரின் சொந்த அழுத்தம். அழுத்தம் போதாவிட்டால் சவ்வு சரியாக உட்காராது, குழாய் சொட்டிக்கொண்டே இருக்கும். நாம் வாங்கிய வகைக்குக் குறைந்தது 0.5 பார் வேண்டும் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய 1 பார் என்பது கணக்கு. மடப்பள்ளிக் கூரைமேல் இருந்த பழைய தொட்டி குழாயைவிட 2 மீட்டர்தான் உயரம், அதாவது 0.2 பார். அதில் எவ்வளவு விலையுயர்ந்த குழாயை மாட்டினாலும் வேலைக்காகாது.

பிரஷர் பம்பு போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. மழைக்காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் கரண்டு எப்போது வரும் என்று நம் ஊரில் யாராலும் சொல்ல முடியாது. சமவெளிக்காரர்கள் பணம் கொடுத்துக் கட்டும் உயரத்தை மலை நமக்குச் சும்மாவே கொடுத்திருக்கிறது. அதனால் தொட்டியைக் கோயிலுக்குப் பின்னால், தேயிலைச் செடிகள் தொடங்கும் மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டோம். இப்போது 7 மீட்டர் உயரம் கிடைக்கிறது. வழியில் அழுத்தம் வீணாகாமல் இருக்க ஒன்றேகால் அங்குலப் பைப்பாக மாற்றினோம். மேல்தட்டுக்கு அடித்தளம் போட்டது, தடுப்புச் சுவர் கட்டியது, மணலும் சிமெண்டும் தலைச்சுமையாக ஏற்றியது எல்லாம் அந்தச் செலவில் அடக்கம்.

அடுத்த பெரிய செலவு வடிகட்டி. நம் ஊற்றுத் தண்ணீர் கோடையில் கண்ணாடி மாதிரி இருக்கும். ஐப்பசி மழை பிடித்தால் செம்மண் கலந்து வரும். திருகு குழாய்க்கு அது பொருட்டே இல்லை. இந்த வால்வின் துளையில் ஒரு மணல் துணுக்கு சிக்கினால் போதும், குழாய் திறக்காது, அல்லது மூடாது. ஆகவே தொட்டியின் வாயில் ஒரு வடிகட்டியும், ஒவ்வொரு குழாய்க்குக் கீழே ஒரு வலையும் வைத்திருக்கிறோம்.

மின்சாரத்துக்கு, ஒவ்வொரு குழாய்க்கும் 4 சின்ன ஆல்கலைன் பேட்டரி. திறக்கும்போதும் மூடும்போதும் ஒரு கண நேர மின்துடிப்பு மட்டும் எடுத்துக்கொள்ளும் வால்வு இது, இடைப்பட்ட நேரத்தில் காந்தமே பிடித்துக்கொள்கிறது. மலிவு பேட்டரி போடக் கூடாது. ஒழுகிப் பெட்டியை அரித்துவிடும். குளிரில் பேட்டரியின் சக்தி குறையும் என்பதால் மார்கழிக்கு முன்பே ஒரு முறை மாற்றிவிடுவது என்று முடிவு.

பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனையும் வைத்தோம். 2017ல் ஒரு தானியங்கி சோப்பு கருவி வெள்ளைத் தோல் கைக்குச் சுரந்து, கருப்புத் தோல் கைக்குச் சுரக்காமல் நின்ற காணொளி உலகம் முழுக்கச் சுற்றியது. அடர்ந்த நிறம் ஒளியைக் குறைவாகத் திருப்பும் என்பதே விஷயம். கொழுந்து பறித்துக் கறை ஏறிய கை, குழந்தைகள் கை, மஞ்சள் பூசிய கை என்று எல்லாக் கைகளையும் நீட்டச் சொல்லிப் பார்த்தே, குழாய் கையை உணரும் தூரத்தை அமைத்தோம். கையுறையைக் கழற்றிவிட்டு நீட்டுங்கள். கருப்புக் கம்பளி சில நேரம் ஏமாற்றுகிறது. குழாய்களுக்குக் கீழே கை கழுவ முதலில் யோசித்த பளபளக்கும் எவர்சில்வர் தொட்டியையும் கைவிட்டோம். கை இல்லாமலே அதன் பளபளப்பு குழாயைத் திறந்துவிடும். இப்போது இருப்பது கருங்கல்.

எல்லாக் குழாயையும் ஏன் மாற்றவில்லை என்று சிலருக்கு வருத்தம். கால் கழுவும் இடம் திறந்த வெளி. பனிமூட்டம் குழாய்க் கண்ணின்மேல் வியர்த்து நிற்கும். அங்கே அமுக்கினால் கொஞ்ச நேரம் ஓடி நிற்கும் குழாயே போதும். குடிதண்ணீருக்குப் பழைய திருகு குழாய்தான். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 2011ல் வெளியிட்ட ஆய்வில், சாதாரணக் குழாய்களைவிடத் தானியங்கிக் குழாய்களில், நிமோனியாவை உண்டாக்கக்கூடிய லெஜியோனெல்லா கிருமி அதிகம் இருந்தது. உள்ளே சிக்கலான பாகங்கள் கூடுதல் என்பதைக் காரணமாகச் சொன்னார்கள். நோயாளிகள் நிறைந்த இடத்துக் கதை அப்படியே நமக்குப் பொருந்தாதுதான். இருந்தாலும் கூட்டம் இல்லாத நாட்களில் காலையில் எட்டுக் குழாயையும் ஓடவிடும்படி பணியாளரிடம் சொல்லியிருக்கிறோம்.

பலன் என்ன? திருகு குழாயை முழுதாகத் திறந்தால் நிமிடத்துக்கு 10 லிட்டருக்கு மேல் போகும். இவற்றின் முனை 3 லிட்டருக்கு அடக்குகிறது. சித்திரைத் திருவிழாவில் இந்த முறை லாரித் தண்ணீர் வாங்கவில்லை. ஆனால் கோடை மழையும் கைகொடுத்தது, எல்லாப் பெருமையையும் குழாய்க்குக் கொடுக்க முடியாது. உறுதியாகச் சொல்லக்கூடியது குரங்கு விஷயம்: திறந்துவிட்டுப் போய்த் தொட்டியைக் காலி செய்யும் வேலை நின்றது. குரங்கு கை நீட்டினாலும் தண்ணீர் வருகிறது, குடித்துவிட்டுப் போனால் நின்றுவிடுகிறது. கோயிலுக்கு வரும் கரடிக்கு விளக்குக்கு ஊற்றும் எண்ணெய்தான் குறி, அதற்குக் குழாயால் ஒன்றும் செய்ய முடியாது. சரக்கறைக் கதவுக்கு இரும்புத் தகடு அடித்திருக்கிறோம்.

குழாய்க் கண்ணில் குங்குமமோ விபூதியோ பட்டால் ஈரத் துணியால் துடைத்தால் போதும், நார் போட்டுத் தேய்க்க வேண்டாம். பேட்டரிப் பெட்டிச் சாவி அலுவலகத்தில் இருக்கிறது. கழற்றிய பித்தளைக் குழாய்கள் சரக்கறையில் எடை போட்டு வைத்துள்ளோம். ஏலம் விடுவதா, உருக்கி விளக்காக்குவதா என்பதை அடுத்த பொதுக்குழுவில் நீங்களே முடிவு செய்யலாம்.