வர்தா நாளில் எங்களுக்குச் சோறு போட்டவர்களுக்கு

அன்புள்ள மாஸ்டர், அக்காக்கள், தம்பிகள் எல்லோருக்கும்,

வணக்கம். எங்கள் தெருவுக்கு இன்று காலையில்தான் கரண்ட் வந்தது. போனை சார்ஜில் போட்டதும் முதல் வேலையாக இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். புதன்கிழமை உங்கள் ரிசார்ட்டிலிருந்து கிளம்பிய அவசரத்தில் உங்களிடம் முறையாக நன்றி சொல்லவில்லை. பாதிப் பேரின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

விவரம் தெரியாதவர்களுக்காக: 2016 டிசம்பர் 10, சனிக்கிழமை அம்மாவையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு, கோவளத்துக்குத் தெற்கே கடற்கரையை ஒட்டிய ஒரு ரிசார்ட்டுக்குப் போனோம். வர்தா புயல் ஆந்திரா பக்கம் போகும் என்றுதான் அப்போது பேச்சு. திங்கள் மதியம் அறையைக் காலி செய்வதாகத் திட்டம். திங்கள் காலையில் சாலையில் வண்டி ஓட்டவே முடியாது என்று ஆகிவிட்டது. அங்கேயே தங்கிவிட்டோம். எங்களைப் போல இன்னும் எழுபது பேருக்கு மேல் இருந்தார்கள்.

காலை எட்டரைக்கே நீங்கள் பஃபே மேசைகளை எடுக்க ஆரம்பித்துவிட்டீர்கள். எனக்கு அப்போது கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. காரணம் பிறகுதான் தெரிந்தது. உங்கள் சமையலறையில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு தம்பி இருக்கிறார், கஞ்சம் மாவட்டத்துக்காரர். 2013 அக்டோபரில் பைலின் புயல் கோபால்பூர் அருகே கரையேறியபோது அவர் சொந்த ஊரில்தான் இருந்தாராம். “காத்து வர்றதுக்கு முன்னாடி சோறு ஆயிடணும்ணா, அப்புறம் அடுப்பு பத்த வைக்க முடியாது” என்று காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார் என்று பெரிய மாஸ்டர் சொன்னார். அனுபவப்பட்டவன் பேச்சு என்று மாஸ்டர் அதைக் கேட்டார் பாருங்கள், அங்கேதான் எங்கள் எல்லோருடைய சாப்பாடும் உறுதியானது.

கரண்ட் இருக்கும்போதே இரண்டு அண்டா சோறு வடித்து, ஒன்றைப் புளியோதரையாகவும் மற்றதைத் தயிர் சாதமாகவும் கிளறிவிட்டீர்கள். கூடவே உருளைக்கிழங்கு வறுவல், சப்பாத்தி. இருக்கிற பாத்திரத்திலெல்லாம் தண்ணீர் நிரப்பினீர்கள். பதினொன்றரைக்கு ஒவ்வொரு அறைக்கும் பொட்டலமும் வாழைப்பழமும் தண்ணீர் பாட்டிலும் வந்தன. அதற்கப்புறம் கேஸ் வால்வை மூடிவிட்டீர்கள். அன்று பிற்பகல் 3 மணிக்கும் 5 மணிக்கும் இடையில் வர்தா சென்னை அருகே கரையைக் கடந்தது. மணிக்கு 110, 120 கிலோமீட்டர் வேகக் காற்று. நாங்கள் புயலுக்குத் தெற்கே இருந்ததால் காற்று நிலத்துப் பக்கமிருந்து அடித்தது. சவுக்கு மரங்களெல்லாம் கடலைப் பார்த்துச் சாய்ந்தன. அந்த நேரத்தில் யாரும் எரியும் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கவில்லை, யாரும் பட்டினியாகவும் இருக்கவில்லை.

அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மாவுக்கு இரண்டு வேளையும் இன்சுலின். ஊசி போட்டபின் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கி, வேர்த்து, நடுங்கி, மயக்கம் வரைக்கும் போய்விடும். நான் இதை வரவேற்பு மேசையில் ஒரே ஒரு முறை சொன்னேன். அவ்வளவுதான். சமையலறைப் பலகையில் எங்கள் அறை எண்ணை எழுதி, பக்கத்தில் “இரவு 8, சர்க்கரை” என்று யாரோ குறித்து வைத்திருந்தீர்கள். காற்று தணிந்து, கேஸ் குழாயைச் சோதித்துப் பார்த்துவிட்டு, இரண்டே அடுப்பைப் பற்றவைத்து அரிசியும் பருப்பும் சேர்த்துக் குழைய வேகவைத்து, முதல் தட்டை டார்ச் வெளிச்சத்தில் எங்கள் அறைக்குக் கொண்டுவந்தீர்கள். மணி எட்டாக ஐந்து நிமிடம் இருந்தது. இன்சுலின் குப்பியைக்கூட ஐஸ் மேலே படாமல் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தார் ஒரு தம்பி. உறைந்துபோனால் மருந்து வீண் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய பாட்டிக்கும் சர்க்கரையாம்.

அன்று திருக்கார்த்திகை. வெளியே ஒரு விளக்கு நிற்காது. தாழ்வாரத்துக்குள்ளே, சுவரோரமாக, நீங்கள் அகல் ஏற்றி வைத்தீர்கள். பாத்திரம் கழுவும் அக்கா தன் வீட்டுப் பண்டிகைக்காக வாங்கி வைத்திருந்த பொரி உருண்டையை டப்பாவோடு எடுத்துவந்து எங்கள் குழந்தைகள் கையில் கொடுத்தார். அவர் வீடு பக்கத்து மீனவக் குப்பத்தில். வீட்டின் மேல்கூரை போய்விட்டது என்று அடுத்த நாள்தான் அவருக்கே தகவல் வந்தது. அப்போதும் அவர் உலைக்கு அரிசி களைந்துகொண்டுதான் இருந்தார்.

செவ்வாய்க்கிழமை ஜெனரேட்டரை விட்டு விட்டு ஓட்டினீர்கள். டீசல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. குளிர் அறைக் கதவை அடிக்கடி திறக்கக் கூடாது என்று ஒரே தடவையில் மீன், இறால், பன்னீர் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கெடுவதற்கு முன் சமைத்துவிட்டீர்கள். மதியம் எல்லோருக்கும் மீன் குழம்பு, சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு பன்னீர். ஐஸ்கிரீம் உருகும் முன் குழந்தைகளுக்கு. பால் வண்டி வரவில்லை. இருந்த பால் பவுடரைக் கைக்குழந்தைகளுக்கு ஒதுக்கிவிட்டு, எங்களுக்கு எலுமிச்சை பிழிந்த கட்டஞ்சாயா. நீங்கள் மட்டும் முந்தின இரவுச் சோற்றில் தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டீர்கள். ஒடிசா தம்பி அதைப் பொகாளா என்றார். நம் பழைய சோறுதான். எங்கள் அம்மா கேட்டு வாங்கி ஒரு வாய் சாப்பிட்டார்.

மேலாளருக்குத் தனியாக நன்றி. பழைய 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாமல் போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் ஒரு 2000 ரூபாய்த் தாளும் கொஞ்சம் சில்லறையும். சிக்னல் இல்லாததால் கார்டு மெஷினும் வேலை செய்யவில்லை. எத்தனையோ பேருக்கு அதே நிலைமை. ஒரு நீள நோட்டில் பெயரும் தொகையும் எழுதிக்கொண்டு, “வீடு போய்ச் சேருங்க சார், அப்புறம் அனுப்புங்க” என்றீர்கள். கூடுதல் இரண்டு நாளுக்கு அறை வாடகை எழுதவே இல்லை. இன்று பணம் அனுப்பிவிட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

சாலையில் விழுந்த மரங்களை வெட்டி ஒரு வண்டி போகிற அளவுக்கு வழி செய்த ஊர்க்காரர்களுக்கும், வெளி மாவட்டங்களிலிருந்து வந்து எங்கள் தெருவில் கம்பம் நட்ட மின்வாரியத் தொழிலாளர்களுக்கும் நன்றி.

கடைசியாக, பொரி உருண்டை அக்காவுக்கு. உங்கள் எவர்சில்வர் டப்பா எங்கள் பையோடு வந்துவிட்டது. டப்பாவை வெறுமனே திருப்பிக் கொடுக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அம்மா அதிரசத்துக்கு மாவு இடிக்கச் சொல்லியிருக்கிறார். கூரைக்கு ஓலையா, ஷீட்டா, என்ன போடப் போகிறீர்கள் என்று யாரிடமாவது சொல்லி அனுப்புங்கள். அதையும் பார்த்துக்கொண்டு, பொங்கலுக்கு முன் நேரில் வருகிறோம்.