மாணவிகளின் விளையாட்டுப் பாடவேளையைக் கட்டாயமாக நடத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
பள்ளி மேலாண்மைக் குழுவின் பெற்றோர் உறுப்பினர்கள்,
அரசு மேல்நிலைப் பள்ளி.

பெறுநர்:
முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்.

பொருள்: 9, 10-ஆம் வகுப்பு மாணவிகளுக்கு உடற்கல்வியைக் கட்டாயப் பாடமாக நடத்தவும், காலியாக உள்ள உடற்கல்வி ஆசிரியை பணியிடத்தை நிரப்பவும் கோருதல்.

பார்வை: இதே பொருளில் முன்பு அளித்த மனுக்களும், மேலாண்மைக் குழுத் தீர்மானமும்.

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். வாய்க்கால் பாலத்தைத் தாண்டி ரேஷன் கடைக்கு எதிரே இருக்கும் நம் பள்ளி தாங்கள் அறிந்ததுதான். புதிய வகுப்பறைக் கட்டடத் திறப்புக்கு வந்தபோது மேடை போட்டிருந்த இடம்தான் எங்கள் பிள்ளைகள் முன்பு கோ-கோ ஆடிய இடம். இதே கோரிக்கையோடு முன்பு கொடுத்த மனுக்களுக்கு எழுத்தில் பதில் வரவில்லை. தங்கள் பார்வைக்கே அவை வராமல் போயிருக்கலாம் என்று நம்பி மறுபடியும் பணிவோடு எழுதுகிறோம்.

1. உடற்கல்வி ஆசிரியை மாறுதலில் போன பிறகு அந்த இடம் காலியாகவே இருக்கிறது. உடற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் ஒருவர் வாரத்தில் மூன்று அரைநாள் வருகிறார். 2012-இல் மாதம் 5,000 ரூபாய் சம்பளத்தில் எடுக்கப்பட்ட பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் அவரும் ஒருவர். நல்ல மனிதர். ஆனால் எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரம் பதிவது, சைக்கிள் வழங்கும் வேலை என்று அவரை அலுவலக அறையிலேயே உட்கார வைத்துவிடுகிறார்கள்.

2. கால அட்டவணையில் வாரத்துக்கு இரண்டு பாடவேளை 'உடற்கல்வி' என்று எழுதியிருக்கிறது. அந்த நேரத்தில் நடப்பது கணக்கு, இல்லாவிட்டால் அறிவியல் ரிவிஷன் டெஸ்ட். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் 500 மதிப்பெண்ணில் விளையாட்டுக்கு ஒரு மதிப்பெண்கூட இல்லை. அதனால் எந்தப் பாடத்துக்கு நேரம் போதாவிட்டாலும் முதலில் கை வைப்பது இதில்தான். தேர்ச்சி விகிதம் குறைந்தால் தலைமையாசிரியரைத்தான் கேள்வி கேட்பீர்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

3. எங்களுக்கு அதிகம் வலிப்பது இதுதான் அம்மா. பையன்களுக்குப் பள்ளியில் விளையாட்டு இல்லாவிட்டாலும் ஏரிக்கரை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்தும் மட்டையுமாகக் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வருவார்கள். பெண் பிள்ளைகளுக்கு எங்கே இருக்கிறது? வயதுக்கு வந்த பெண் தெருவில் ஓடி ஆடினால் நம் ஊரில் என்ன பேசுவார்கள் என்பது தங்களுக்குத் தெரியாததா? அது சரி என்று நாங்கள் சொல்லவில்லை. அதை மாற்ற எங்கள் வீட்டுக்குள்ளேயே நாங்கள் போராடிக்கொண்டிருக்கிறோம். ஆனால் இன்றைய தேதிக்கு, ஒரு பதினான்கு வயதுப் பெண் யாருக்கும் பதில் சொல்லாமல் மூச்சுவாங்க ஓடக்கூடிய ஒரே இடம் பள்ளி மைதானம். அவளுக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே நேரம் அந்த 40 நிமிடம். அதையும் எடுத்துக்கொண்டால்?

எங்கள் சார்பில் இதை எழுதும் என் மகள் ஒன்பதாம் வகுப்பு. காலை ஸ்பெஷல் கிளாஸுக்கு இருட்டோடு எழுந்து போகிறாள். மாலை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் பிடிப்பது, பாத்திரம் கழுவுவது, வீட்டுப்பாடம். நாள் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்து இந்த வயதிலேயே முதுகு வலிக்கிறது என்கிறாள். அவள் தோழிகள் பாதிப்பேருக்கு இதே புலம்பல்தான். 5 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது உடலை அசைத்து ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் பிள்ளைகளுக்கு வாரத்துக்குக்கூட அது கிடைக்கவில்லை. ரத்தசோகைக்கு வாராவாரம் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறது அரசு, அதற்கு நன்றி. மாத்திரை கொடுத்து உட்கார வைத்தால் போதுமா?

போன முறை, சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு இடையே நடக்கும் குறுவட்டப் போட்டிக்குப் பெண்கள் அணியே போகவில்லை. பிள்ளைகள் தாங்களாகவே அணி சேர்த்திருந்தார்கள். கூட்டிப்போக ஆசிரியை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு அவர்கள் அழுத அழுகையைப் பார்த்திருந்தால் இந்த மனுவுக்கே வேலை இருந்திருக்காது.

4. சட்டத்திலும் கல்வி வழிகாட்டுதலிலும் இல்லாத எதையும் நாங்கள் கேட்கவில்லை. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணையிலேயே விளையாட்டு மைதானம் இருக்கிறது. 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை 100 பிள்ளைகளுக்கு மேல் படித்தால் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநராவது வேண்டும் என்றும் இருக்கிறது. பள்ளிகளில் என்ன கற்பிக்க வேண்டும் என்று வழிகாட்டும் 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டக் கட்டமைப்பு உடற்கல்வியைப் பத்தாம் வகுப்பு வரை கட்டாயப் பாடமாக வைக்கச் சொல்லியிருக்கிறது. ஓவியமும் இசையும் வேண்டும்தான், அவற்றுக்கும் பிறகு வந்து கேட்போம்.

5. 2025 அக்டோபரில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா பஹ்ரைனில் கபடித் தங்கம் வென்று வந்தபோது எல்லோரும் கொண்டாடினோம். நம் பள்ளியிலும் காலை வழிபாட்டில் கைதட்டச் சொன்னார்கள். கைதட்டிவிட்டு அன்றைக்கே விளையாட்டுப் பாடவேளையில் கணக்குப் பரீட்சை! பதக்கமா கேட்கிறோம்? ஓட விடுங்கள் என்றுதானே கேட்கிறோம்! நேரில் வந்து கேட்கும் ஒவ்வொரு முறையும் 'பரிசீலனையில் உள்ளது' என்று வாய்மொழியாகச் சொன்னால் எதைப் பரிசீலிக்கிறீர்கள்? பெண் பிள்ளை ஓடலாமா கூடாதா என்பதையா? இப்போது பத்தாவது படிக்கும் பிள்ளைகள் மார்ச்சில் தேர்வு எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களுக்கு இனி எப்போது?

6. விளையாட்டுச் சாமான் அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்றுகூட யாருக்கும் தெரியவில்லை.

வார்த்தை கூடிப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம். மீண்டும் பணிவோடு கேட்பது இவைதான். உடற்கல்வி ஆசிரியை பணியிடத்தை நிரப்புங்கள். அதுவரை பக்கத்துப் பள்ளி ஆசிரியையை வாரத்தில் இரண்டு நாளாவது மாற்றுப்பணியில் அனுப்புங்கள். 9, 10-ஆம் வகுப்புகளின் உடற்கல்விப் பாடவேளையை வேறு எந்தப் பாடத்துக்கும் எடுக்கக் கூடாது என்று எழுத்து மூலம் சுற்றறிக்கை அனுப்புங்கள். வாய்மொழியாகச் சொன்னால் ஒரு வாரம் நடக்கும், அப்புறம் பழையபடி ஆகிவிடும். ஆய்வுக்கு வரும்போது மதிப்பெண் பதிவேட்டைப் பார்ப்பதுபோல, மாணவிகள் மைதானத்துக்குப் போனார்களா என்பதையும் அவர்களிடமே கேளுங்கள் அம்மா.

மைதானத்தில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேல முள்ளைப் பெற்றோர்களாகிய நாங்களே வெட்டித் தருகிறோம். கோ-கோ கம்பமும் நட்டுத் தருகிறோம். ஆசிரியையையும் அந்த 40 நிமிடத்தையும் தாங்கள்தான் தர முடியும். தயவுசெய்து தாருங்கள். இந்த முறை பதிலை எழுத்தில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பெற்றோர் உறுப்பினர்கள்

இணைப்பு: மேலாண்மைக் குழுத் தீர்மான நகல், தாய்மார்கள் கையொப்பமிட்ட தாள்கள், முந்தைய மனுக்களின் ஒப்புகைச் சீட்டு நகல்கள்.