மருந்துச் சீட்டில் பயிற்சிக்கும் இடம் வேண்டும்

ஆசிரியருக்கு,

பக்கவாதம் வந்தவருக்கு மாத்திரைகளை வேளை தவறாமல் கொடுக்கும் குடும்பத்தார், இயன்முறை மருத்துவர் கற்றுத்தந்த பயிற்சிகளை மட்டும் இரண்டாம் வாரமே கைவிட்டுவிடுவதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். அசையாமல் கிடக்கும் கையில் தசை மெலிந்து, மூட்டு இறுகி, நகம் வெட்டுவதற்குக்கூட விரல்களை விரிக்க முடியாமல் போகிறது. இந்த இயலாமையில் ஒரு பகுதி நோயால் வந்ததன்று, அசைக்காமல் விட்டதால் வந்தது. ஒரு குவளையை எடுத்து வைப்பதை நாள்தோறும் பலமுறை செய்து பழகும்போது, பாதிப்படையாத மூளைப் பகுதிகள் இழந்த வேலையை ஓரளவு ஏற்றுக்கொள்கின்றன. முழங்கால் தேய்மானத்திலும் இதே கதைதான்: நடக்காமல் ஓய்வெடுங்கள் என்ற அறிவுரை (நல்லெண்ணத்தில் சொல்லப்படுவதுதான்) தொடைத் தசையைத் தளர்த்திவிடுகிறது. எனவே எந்தப் பயிற்சி, எத்தனை முறை, எப்போது நிறுத்த வேண்டும் என்பதை மருத்துவர்கள் மருந்துச் சீட்டிலேயே எழுதித் தர வேண்டும். வீட்டில் உடனிருப்பவருக்கு ஒருமுறையாவது செய்துகாட்டவும் வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்