சாம்பல் கூட்டும் ஊரிலிருந்து

ககோஷிமா, ஜப்பான்
ஆகஸ்ட் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ ஏலத்தோட்டத்தில் இருக்கும்போது போன் செய்தால் பாதியிலேயே சிக்னல் போய்விடுகிறது. அதனால் எழுதுகிறேன். தம்பி வாசித்துக் காட்டுவான்.

"எரிமலைக்கு எதிரிலா குடியிருக்கிற?" என்று போன வாரம் அழுதாயே, ஆமாம், எதிரில்தான். நடுவில் கொஞ்சம் கடல், படகில் 15 நிமிடம். சகுராஜிமா என்று பெயர். 1,117 மீட்டர்தான், நம்ம ஊர் மேற்கு மலையைவிட ஒன்றும் பெரிதில்லை. 1955-லிருந்து விட்டுவிட்டுப் புகைந்துகொண்டே இருக்கிறது.

கோடையில் காற்று எங்கள் பக்கம் திரும்பும். இங்கே வானிலைச் செய்தியில் மழையோடு சாம்பல் எந்தப் பக்கம் போகும் என்றும் சொல்வார்கள். வந்த புதிதில் அது புரியாமல் வேலைக்குப் போடும் சட்டையைத் துவைத்து வெளியில் காயப்போட்டேன். மாலையில் பார்த்தால் சிமெண்ட் ஆலையில் கிடந்த மாதிரி இருந்தது. சாம்பலை அள்ளிப் போட நகராட்சியே மஞ்சள் பை தருகிறது. சாம்பல் என்றதும் நீ பாத்திரம் துலக்கலாமே என்பாய். வேண்டாம், இது விறகுச் சாம்பல் இல்லை. பொடிப்பொடியான பாறையும் கண்ணாடியும், பாத்திரமெல்லாம் கீறிவிடும்.

நான் பார்த்துக்கொள்ளும் முதியோர் இல்லத்துப் பாட்டிகள் ஜன்னலைச் சாத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். எனக்குத்தான் பதற்றம்.

மலை ஏன் வெடிக்கிறது என்று கேட்டாய். பூமியின் மேல் ஓடு ஒரே துண்டு இல்லை அம்மா, பல தட்டுகள். இங்கே கடலடித் தட்டு ஒன்று ஜப்பானுக்கு அடியில் நுழைகிறது. அதோடு போகும் நீர் ஆழத்தில் கசிந்து, மேலே உள்ள சூடான பாறையைச் சீக்கிரம் உருக வைக்கிறது. உருகியது இலேசாகி மேலே ஏறும். பசிபிக் கடலைச் சுற்றி ஜப்பான், இந்தோனேசியா, சிலி என்று இப்படித்தான். 'நெருப்பு வளையம்' என்கிறார்கள்.

ஆனால் எல்லா எரிமலையும் ஒரே மாதிரி வெடிக்காது. கஞ்சி கொதிக்கும்போது குமிழ் சத்தமில்லாமல் உடையும். கேப்பைக்களி கொதித்தால் தொப்பென்று உடைந்து கையில் தெறிக்குமே, அதே கதைதான். ஹவாய்த் தீவில் உருகிய பாறைக் குழம்பு கஞ்சி பதம், வழிந்து ஓடிக் கவிழ்த்த தாம்பாளம் மாதிரி அகலமான மலையாகிறது. எங்கள் மலையில் களி பதம். ஆவி உள்ளேயே அடைபட்டு வெடிக்கும். சாம்பலும் குழம்பும் மாறிமாறிப் படிந்து கூம்பாக நிற்கிறது. மெக்சிகோவில் 1943-ல் ஒரு சோளக்காட்டு நிலம் பிளந்து, ஒரே வருடத்தில் 300 மீட்டருக்கு மேல் கங்கு மலை எழுந்ததாம். உழுத நிலத்தில்! அந்தச் சம்சாரியை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது.

சகுராஜிமா முன்பு தீவு. 1914-ல் வெடித்தபோது ஓடிய குழம்பு கடலைத் தூர்த்து, மறுகரையோடு ஒட்டிவிட்டது. அங்கே ஒரு கோயில் வாசலைப் பார்த்தேன். மூன்று மீட்டர் உயரக் கல் வளைவு, மேல்பகுதி மட்டும்தான் மண்ணுக்கு மேலே. என் இடுப்பளவு. குனிந்து நுழையக்கூட முடியாது. அதே மண்ணில் முள்ளங்கி பூசணிக்காய் அளவு விளைகிறது!

நம்ம மலை வெடிக்குமா என்றால், வெடிக்காது. அது எரிமலையே இல்லை. 50 கோடி வருடங்களுக்கும் மேலான பாறை, தட்டின் ஓரமும் பக்கத்தில் இல்லை. மகாராஷ்டிரா பக்கம்தான் ஆறரைக் கோடி வருடங்களுக்கு முன் நிலம் பிளந்து குழம்பு பரவியது. இப்போது இந்தியாவில் உயிரோடு இருப்பது அந்தமானில் பாரன் தீவு ஒன்றுதான், அங்கே யாரும் குடியில்லை. காலையில் மெட்டுமேல் புகை மாதிரி தெரிவது வெறும் மஞ்சு.

எனக்குப் பயமெல்லாம் நீ ஏறும் ஜீப்தான். பத்துப் பேர் உட்காரும் வண்டியில் பதினெட்டுப் பேர், அந்த வளைவுகளில், விடியாத இருட்டில். ஓரத்தில் தொங்கிக்கொண்டு போகாதே. உள்ளே இடமில்லை என்றால் அடுத்த வண்டிக்கு நில். அரை நாள் கூலி போனால் போகட்டும், நான் அனுப்புகிறேன்.

உன் மகள்,
செல்வி