வரிசையும் இடைவெளியும் வேண்டும்: கோப்புப் பகிர்வுச் செயலியின் பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பராமரிப்பாளர்களுக்கு,

வணக்கம். பயனர்களின் கணினிகளே ஒன்றுக்கொன்று கோப்புத் துண்டுகளைக் கொடுத்து வாங்கும் டோரண்ட் முறையில் இயங்கும் உங்கள் செயலியின் பெயரை இங்கே எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும், அதைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் தெரியும், அது போதும். சென்ற பதிப்பில் ‘இணைப்பு வேகம் மேம்படுத்தப்பட்டது’ என்று ஒரே வரியில் அறிவித்துவிட்டு, மற்ற பயனர்களின் கணினிகளோடு இணைய அது செய்யும் ஒரு முயற்சிக்கும் அடுத்த முயற்சிக்கும் நடுவே அதுவரை இருந்த இடைவெளியை எடுத்துவிட்டீர்கள். அதனால் என்ன நடக்கிறது என்று ஆங்கிலத்தில் விரிவாக ஒரு புகார் எழுதினேன். ‘ரவுட்டர் பழையது, மாற்றிக்கொள்ளுங்கள்’ என்று பதில் போட்டுப் புகாரை மூடிவிட்டீர்கள். மூடிய புகாரின் கீழே மேற்கொண்டு எழுத வழியில்லை. உங்கள் குழுவில் தமிழ் வாசிக்கிறவர்கள் சிலர் இருக்கிறார்கள் என்பதால் இந்த மடலைத் தமிழிலேயே எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். உங்கள் செயலி வெளியே அனுப்பும் இணைப்பு முயற்சிகளை முக்கியத்துவம் பார்த்து வரிசைப்படுத்துங்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி விடுங்கள். அமைப்புகளின் அடியாழத்தில் ஒரு பெட்டியை வைத்து, விவரம் தெரிந்தவர்கள் தேடிப் பிடித்து டிக் செய்துகொள்ளட்டும் என்று விடாமல், நிறுவிய நாளிலிருந்தே அப்படி நடக்கும்படி செய்யுங்கள்.

தென்காசி மாவட்டத்தில் சிறிய பிரவுசிங் சென்டர் ஒன்றை நடத்துகிறேன். எல்லாக் கணினிகளிலும் லினக்ஸ் இயங்குதளம்தான். அவற்றுக்காக இறக்கிய உபுண்டு, டெபியன் என்ற லினக்ஸ் வகைகளின் கோப்புகளை மற்றவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதற்கென்றே மூலையில் ஒரு பழைய கணினியில் உங்கள் செயலி ஓடுகிறது. பதிவேற்ற வேகத்துக்கு அளவு வைத்திருக்கிறேன். பல ஆண்டுகளாக அது ஓடுவதே வாடிக்கையாளர்களுக்குத் தெரியாது. புதிய பதிப்பு வந்த பிறகு தெரிந்தது.

அன்று அரசுப் பணித் தேர்வு ஒன்றுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். முற்பகலில் மின்சாரம் போய், ஒரு மணி நேரம் கழித்து வந்தது. ரவுட்டர் எழுந்தது, மூலைக் கணினி எழுந்தது, கூடவே உங்கள் செயலியும் எழுந்தது. எழுந்தவுடன், சேமித்து வைத்திருந்த மற்ற பயனர்களின் கணினி முகவரிப் பட்டியலை எடுத்து, அதில் இருந்த அத்தனை பேரையும் ஒரே மூச்சில் அழைக்கத் தொடங்கியது. தரவு அனுப்பும் இரு முறைகளான டிசிபியில் ஒன்று, யுடிபியில் ஒன்று என்று ஒவ்வொரு முகவரிக்கும் இரண்டு முயற்சி. அதே நேரத்தில் மூன்றாவது கணினியில் ஒரு பெண் கட்டணம் செலுத்தும் பொத்தானை அழுத்தியிருந்தார். புகைப்படத்தை அவர்கள் கேட்ட அளவுக்குச் சுருக்கி, கையெழுத்தை ஸ்கேன் செய்து, எல்லாம் முடித்து மிச்சமிருந்தது அந்தக் கட்டணம் மட்டும்தான். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்விட்டதாகச் செல்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்துவிட்டது. திரும்பி வர வேண்டிய பக்கம் வரவில்லை. வெள்ளைத் திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

பின்னால் அவருடைய அப்பா நின்றுகொண்டிருந்தார். பணம் போய்விட்டதா, விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டதா என்று என்னைக் கேட்டார். இரண்டில் முதலாவதற்கு மட்டும்தான் என்னிடம் பதில் இருந்தது.

ரவுட்டரின் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். இணைப்பு அட்டவணை நிரம்பிவிட்டது, பொட்டலம் கைவிடப்படுகிறது என்ற ஒரே செய்தி வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தது. தன் வழியே போகும் ஒவ்வொரு இணைப்பையும் ரவுட்டர் குறித்துவைக்கும் அட்டவணை அது; பொட்டலம் என்பது அனுப்பப்படும் தரவின் சிறு கட்டு. மூலைக் கணினியின் கேபிளைப் பிடுங்கினேன். அப்போதும் உடனே சரியாகவில்லை. இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டாம் முறை கட்டணம் செலுத்த அந்தக் கணக்கில் பணம் இல்லை. அப்பா வெளியே போய் யாரிடமோ கைமாற்று வாங்கி வந்தார். முதலில் போன பணம் ஒரு வாரம் கழித்துத்தான் திரும்பி வந்ததாகச் சொன்னார்.

அந்த இரண்டு நிமிடக் கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. பதில் வராத டிசிபி முயற்சி ஒன்றை லினக்ஸ் ரவுட்டர் தன் அட்டவணையில் வழக்கமாக 120 நொடி நினைவில் வைத்திருக்கும். உங்கள் செயலி சில நொடிகளில் சலித்துப்போய் அந்த முகவரியை விட்டுவிடலாம், ரவுட்டர் விடாது. நொடிக்கு 50 முயற்சி என்று வைத்துக்கொண்டாலே, 120 நொடியில் 6000 இடம் வேண்டும். என் ரவுட்டரின் அட்டவணையில் இருப்பது 4096 இடம். ஒரு முயற்சிக்கான பொட்டலம் சுமார் 60 பைட். ஐம்பது முயற்சியும் சேர்ந்து நொடிக்கு 3 கிலோபைட். அதாவது வேக அளவில் பார்த்தால் ஒன்றுமே நடக்கவில்லை. நான் வைத்திருந்த கட்டுப்பாடு இதைக் கண்டுகொள்ளவே இல்லை. லைன் காலியாகக் கிடக்கிறது, கடையில் இருக்கும் யாருக்கும் புதிதாக ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. இப்படி ஒரு நிலையை வாடிக்கையாளருக்கு எப்படி விளக்குவது என்று சொல்லிக்கொடுத்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ரவுட்டரை மாற்றச் சொன்னீர்கள். மாற்றலாம். பெரிய அட்டவணை உள்ள ரவுட்டரை வாங்கினால் அதையும் உங்கள் செயலி நிரப்பும், கொஞ்சம் தாமதமாக. ஊர்ப்பக்கத்துப் பிராட்பேண்டில் எங்கள் ரவுட்டருக்கு அப்பாலும் ஒரு பொது ஐபி முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. அதற்கென்றே 100.64 என்று தொடங்கும் முகவரித் தொகுதியை 2012இல் ஒதுக்கினார்கள். அங்கே ஒவ்வொரு சந்தாதாரருக்கும் இத்தனை போர்ட்தான் (இணைப்புக்கான வாசல் எண்) என்று சேவை நிறுவனங்கள் அளவு வைப்பது உண்டு. சேவை நிறுவனத்தின் அந்தக் கருவியை நான் எந்தக் கடையில் வாங்கி மாற்றுவது?

இடைவெளி என்பது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. டோரண்டின் ஆரம்ப நாட்களில் அதிகாரபூர்வ செயலியின் மூன்றாம் பதிப்பு, பியர்கள், அதாவது இணைந்திருக்கும் மற்ற பயனர்களின் கணினிகள், 30க்குக் குறைவாக இருந்தால் மட்டுமே தானாகப் புதிய இணைப்பைத் தேடியது. 55 ஆகிவிட்டால் வருகிறவர்களையும் திருப்பி அனுப்பியது. ஆகஸ்ட் 2004இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு இரண்டாம் சர்வீஸ் பேக் என்ற திருத்தத் தொகுப்பு வந்தபோது, பாதியில் நிற்கும் இணைப்பு முயற்சிகள் ஒரே நேரத்தில் பத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று மைக்ரோசாஃப்ட் கட்டிப்போட்டது. கணினிக்குக் கணினி தானாகவே தொற்றும் புழு நிரல்கள் ஊரெல்லாம் பரவாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. கோப்புப் பகிர்வு உலகம் அதற்கு என்ன செய்தது? சிஸ்டம் கோப்பையே திருத்தி அந்தக் கட்டை அவிழ்த்துக்கொண்டது. ஒரு செயலி நடந்துகொள்ளும் விதமும் ஒரு புழு நடந்துகொள்ளும் விதமும் இயங்குதளத்துக்கு ஒன்றுபோலத் தெரிந்தன என்பதில் நமக்கு அன்றைக்கே கொஞ்சம் கூச்சம் வந்திருக்க வேண்டும்.

மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்றும் பாருங்கள். ஐபிவி6, ஐபிவி4 என்ற புதிய, பழைய முகவரி முறைகள் இரண்டிலும் முகவரி உள்ள தளத்தைத் திறக்கும்போது எதை முதலில் முயல்வது என்பதற்கு 2012இல் ஒரு நெறிமுறை வகுத்தார்கள். 2017இல் அதைத் திருத்தியபோது, ஒரு முயற்சிக்கும் அடுத்ததற்கும் நடுவே 250 மில்லிநொடி விடலாம் என்று பரிந்துரைத்தார்கள். முதல் முகவரி பதில் சொல்லிவிட்டால் இரண்டாவதைத் தொடவே வேண்டாம். கணினிகளை நேரடியாக இணைக்கப் பயன்படும், கோ நிரல்மொழியில் எழுதப்பட்ட லிப்பி2பி நிரல் நூலகம் முன்பு ஒரு பியருக்குத் தெரிந்த எல்லா முகவரிகளையும் ஒன்றாக அழைத்துக்கொண்டிருந்தது; 2023இல் அதைக் கைவிட்டு, யுடிபியின் மேல் ஓடும் குயிக் முதலில், சற்றுப் பொறுத்து டிசிபி என்று முகவரிகளைத் தரம் பிரித்து அழைக்கத் தொடங்கியது. பிட்காயின் நாணய வலைப்பின்னலின் முதன்மைச் செயலியான பிட்காயின் கோர் இயல்பாக வைத்துக்கொள்ளும் நிரந்தர வெளி இணைப்புகள் பத்து. தேடும்போதும் அரை நொடி பொறுத்துப் பொறுத்து ஒவ்வொன்றாகத் தேடுகிறது. கடந்த பத்து நிமிடத்துக்குள் முயன்று பார்த்த முகவரியைப் பொதுவாக மறுபடி தொடுவதில்லை. உலகம் முழுக்கப் பரவிய வலைப்பின்னல் அது. பத்து இணைப்பில் நடக்கிறது.

இதில் உங்கள் தரப்பு வாதம் என்ன என்பதும் எனக்குத் தெரியும். இடைவெளி விட்டால் முதல் துண்டு வந்து சேரத் தாமதமாகும் என்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 250 மில்லிநொடிக்கு ஒன்று என்றால் நொடிக்கு நான்கு முயற்சி. ஐந்தில் ஒருவர்தான் பதில் சொல்கிறார் என்றாலும், 30 பேர் கிடைக்க 150 முயற்சி போதும். 40 நொடிக்குள் முடிந்துவிடும். அவர்களில் முதல் ஆள் சில நொடிகளிலேயே கிடைத்திருப்பார், கோப்பும் வரத் தொடங்கியிருக்கும். எத்தனை நேரம் தொடர்ந்து தேடினாலும் ரவுட்டரில் பதில் வராமல் தேங்குவது 480 இடத்தைத் தாண்டாது.

அந்த 40 நொடியும் கூடக் கனம் என்று தோன்றினால், அதைக் குறைக்கத்தான் வரிசை. கல்யாண வீட்டில் எல்லோரையும் ஒரே பந்தியில் உட்காரவைக்க முடியாது என்று தெரிந்தவர்கள், முதல் பந்தியில் யாரை உட்காரவைப்பது என்று யோசிப்பார்கள். உங்கள் செயலியிடம் அந்த யோசனைக்கு வேண்டிய தகவல் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. எடுத்துப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். நேற்று நன்றாகப் பேசிய முகவரியும், ஒரு வாரமாகப் பதிலே சொல்லாத முகவரியும் ஒரே பட்டியலில், ஒரே மதிப்போடு கிடக்கின்றன. பியர்கள் தங்களுக்குள் முகவரிகளைப் பரிமாறிக்கொள்ளும்போது, இவரை வெளியிலிருந்து தொடர்புகொள்ள முடிகிறது என்றும், இவரிடம் முழுக் கோப்பும் இருக்கிறது என்றும் குறிப்புகளைச் சேர்த்து அனுப்ப வழி இருக்கிறது. அந்தக் குறிப்பைப் பாருங்கள்.

என் கணினியில் உபுண்டு கோப்பு முழுதாக இருக்கிறது. எனக்கு யாரிடமிருந்தும் எதுவும் வேண்டாம். ஆனால் உங்கள் செயலி, முழுதாக வைத்திருக்கும் இன்னொருவரை அழைத்து, இருவருக்கும் கொடுக்கவும் வாங்கவும் ஒன்றும் இல்லை என்று கண்டுகொண்டு துண்டிக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அவரையே அழைக்கிறது. பதிவேட்டில் இதைப் பார்த்தபோது கோபம்கூட வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. யாரோ ஒருவர் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் 192.168 முகவரிகளையும் விட்டுவைப்பதில்லை. வாடகை சர்வர்களில் இப்படி உள்முகவரிகளைத் துழாவினால், வலையை வேவு பார்க்கிறார் என்று எச்சரிக்கைக் கடிதம் வருவது அந்த வட்டாரத்தில் பலருக்கும் பழகிப்போன விஷயம்.

வேதனை என்னவென்றால், இந்தத் துறை அடக்கத்தை அறியாத துறை அல்ல. லைனின் கொள்ளளவை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுக்கும் முறையைப் பரவலாக்கியவர்களே உங்கள் துறையினர்தான். தாமதம் கூடுவதை உணர்ந்து தானாகப் பின்வாங்கும் அந்த வழிமுறை, வரிசையில் தேங்கும் தாமதம் 100 மில்லிநொடியைத் தாண்டக் கூடாது என்ற இலக்கோடு 2012இல் இணையத் தரநிலைகளை வகுக்கும் அமைப்பின் சோதனை நிலை ஆவணமாகவே வெளிவந்தது. பேசத் தொடங்கிய பிறகு இவ்வளவு பண்பாக நடக்கும் செயலி, பேச ஆள் தேடும்போது மட்டும் ஏன் இப்படி?

ஒருவேளை நீங்கள் சோதித்துப் பார்க்கும் இடத்தில் மின்சாரம் போவதில்லை போலும். தரவு மையத்தில் உட்கார்ந்து அளந்தால் எல்லா வரைபடமும் மேல்நோக்கித்தான் போகும். புதிய பதிப்பு எத்தனை மில்லிநொடி முன்னதாக இணைகிறது என்று நீங்கள் வெளியிட்ட படம் அழகாக இருந்தது. அதில் எங்கள் தெரு இல்லை. இப்போது எந்தச் செயலியை எடுத்தாலும் இதே கதைதான்: செய்கிறவர்களின் மேசையில் இருக்கும் கணினிதான் உலகம், மற்றவர்களெல்லாம் ‘பழைய கருவி’ வைத்திருப்பவர்கள். செல்பேசிச் செயலிகள், வங்கித் தளங்கள், அரசின் விண்ணப்பப் பக்கம் என்று நீட்டிக்கொண்டே போகலாம். கடைசி நாளில் ஒரு கட்டணப் பக்கம் தடுமாறினால் போட்ட பணம் அந்தரத்தில் தொங்கும்படி அதை எழுதியவர்களுக்கும் ஒரு மடல் பாக்கி இருக்கிறது. அதை இங்கே கலக்க வேண்டாம்.

கூலி வாங்காமல் இந்தச் செயலியைப் பராமரிக்கிறீர்கள் என்பதை மறக்கவில்லை. அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன். மூடிய புகாரைத் திறந்து வையுங்கள். முயற்சிகளை வரிசைப்படுத்துங்கள், இடைவெளி விடுங்கள். முன்பு பதில் சொன்னவர்கள் முதலில். தொடர்ந்து தோற்கும் முகவரிக்கு ஒவ்வொரு தோல்விக்கும் காத்திருப்பை இரட்டிப்பாக்குங்கள். செயலி எழுந்தவுடன் சில நொடிகளைத் தற்செயலாகக் கூட்டிக் குறைத்துத் தொடங்கினால் இன்னும் நல்லது. மின்சாரம் திரும்பும்போது தெருவில் எல்லாக் கணினிகளும் ஒரே நொடியில்தான் எழுகின்றன. அவசரம் உள்ளவர்கள் வேண்டுமானால் அமைப்புகளில் ஒரு பெட்டியைத் தேடிப் பிடித்து இடைவெளியைக் குறைத்துக்கொள்ளட்டும்.

அதுவரை முந்தைய பதிப்பையே மறுபடி நிறுவி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். என் ரவுட்டரைப் போன்ற இன்னொன்று கடையில் சும்மா கிடக்கிறது. சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் முகவரி கொடுங்கள், கூரியரில் அனுப்புகிறேன், செலவு என்னுடையது. பழைய பதிப்பைத் திறக்கும்போதெல்லாம் ‘உடனே புதுப்பிக்கவும்’ என்று நடுத்திரையில் வந்து நிற்கும் அறிவிப்பை மட்டும், தயவுசெய்து, மூடினால் மூடியபடி இருக்கச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பயனர்களில் ஒருவன்